தேர்வு முடிவு நாளில் இதையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

மலேசியாவின் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வந்த மறுநாள் சாதனை மாணவர்களின் படங்கள் நாளிதழில் பக்கம் பக்கமாக வருகின்றன. வரட்டும். ரப்பர், செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தால் ஊரே கொண்டாட வேண்டியதுதான். ஆனால் செஜாரா என்னும் வரலாற்றுப் பாடத்தில் தவறிய பிள்ளையும் அதே பக்கத்தைப் புரட்டுகிறது. அந்தப் பிள்ளைக்கும், "நாலு பேர் முகத்தில் எப்படி முழிப்பேன்" என்று நிற்கும் பெற்றோருக்கும் "மனசைத் தேத்திக்கோ" என்று சொல்வதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். எப்படித் தேற்றிக்கொள்வது என்பதையும் அந்த நாளில் கால் பக்கத்தில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்கான விவரம் இதோ.

அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் கிறிஸ்டின் நெஃப், தன்னிடம் தானே காட்டும் பரிவை அளக்கும் முறையை 2003இல் வெளியிட்டார். வலியை உள்ளபடி கவனிப்பது, இது மனிதருக்கு வருவதுதான் என்று உணர்வது, தன்னிடம் அன்பாக நடந்துகொள்வது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்தப் பரிவு. மூன்றையும் மூன்று நிமிடத்தில் செய்துவிடலாம்.

முதலில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தரையில் பதியுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து முறை போதும். விடும் மூச்சு நீள நீள இதயத் துடிப்பு தணியும். பிறகு வலி உடம்பில் எங்கே தெரிகிறது என்று பார்த்து, வீட்டில் பேசுகிற தமிழில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "நெஞ்சு அடைக்குது, ரொம்ப வலிக்குது." அதோடு நிறுத்த வேண்டும். "அன்னிக்கே டியூஷனுக்குப் போயிருந்தா" என்று அடுத்த வாக்கியம் கிளம்பினால் மனம் பழைய கணக்கைக் கிளறத் தொடங்கிவிட்டது என்று பொருள். மறுபடி பாதத்துக்கு வாருங்கள்.

அடுத்ததில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். "இது எனக்கு மட்டும் வந்ததில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில், "மத்தவங்க படுற கஷ்டத்துக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிக்கொள்கிறோம். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது இதுதான்: "நாங்க பால்மரம் சீவி, பட்டினி கிடந்து வளர்த்தோம், உனக்கு என்ன குறை?" அந்த உழைப்பு உண்மை, நாம் வணங்க வேண்டியது. ஆனால் அதைக் கேட்கும் பிள்ளைக்குத் தோல்வியோடு, வருத்தப்பட்ட குற்றமும் சேர்ந்துகொள்கிறது. ஒப்பிடாமல் சொல்லுங்கள்: "இன்னிக்கு இதே மாதிரி எத்தனையோ பிள்ளைங்க அழுதுக்கிட்டு இருப்பாங்க. நானும் அதுல ஒருத்தி."

மூன்றாவது, கையும் சொல்லும். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து அதன் சூட்டை உணருங்கள். தோட்டத்து வீட்டில் தனி அறை கிடைக்காது. நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. மோட்டார் ஓட்டும்போதும் செம்பனைக் குலை வெட்டும்போதும் வேண்டாம், ஓரமாக நின்றுதான் செய்ய வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் இப்போது உங்களையே திட்டும் சொற்களை அப்படியே எழுதுங்கள். வலப்பக்கம், இதே நிலையில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்து நின்றால் அவளிடம் என்ன சொல்வீர்களோ அதை எழுதுங்கள். வலப்பக்கத்தை உங்கள் பெயர் சொல்லி, தணிந்த குரலில் படியுங்கள். "நான் கெட்டிக்காரன், நான் வெல்வேன்" என்றெல்லாம் எழுத வேண்டாம். அடிபட்ட மனம் உடனே மறுத்துப் பேசும். "இதைத் தாங்க எனக்குப் பலம் கிடைக்கட்டும்" என்றால் மறுக்க ஒன்றுமில்லை.

பிறகு ஒரு கேள்வி: "இப்ப எனக்கு என்ன வேணும்?" தண்ணீராக இருக்கலாம், சோறாக இருக்கலாம். செஜாராவிலோ மலாய்மொழியிலோ தேர்ச்சி இல்லையென்றால் எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்காது. அப்படியானால் மறுதேர்வுக்குப் பதிவது எப்படி என்று ஆசிரியரிடம் விசாரிப்பதாகவும் இருக்கலாம்.

இப்படிப் பேசினால் பிள்ளை சோம்பேறியாகிவிடும் என்ற அச்சம் பெற்றோருக்கு உண்டு. 2012இல் வெளியான கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு இதையே சோதித்தது. கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தங்களிடம் பரிவோடு இருக்கச் சொல்லப்பட்டவர்களே அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். திட்டு வாங்கும் மனம் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே குறியாக இருக்கும்; தவற்றைத் திரும்பிப் பார்க்கத் துணியாது. எனவே அப்பா, அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையைப் பேசுமுன் இதே மூன்று நிமிடத்தை நீங்கள் முதலில் செய்யுங்கள். அன்று வாயில் வரும் கடுஞ்சொல் பெரும்பாலும் உங்கள் சொந்த அவமானத்திலிருந்து வருவது.

முடிவு நாள்வரை காத்திருக்காதீர்கள். குழம்பு தீய்ந்தது, டயர் பஞ்சர் போன்ற சின்ன எரிச்சல்களில் தினம் ஒருமுறை பழகினால்தான் பெரிய அடியில் கை கொடுக்கும். சிலருக்குப் பரிவாகப் பேசத் தொடங்கியதும் வலி கூடும், பழைய அழுகையெல்லாம் வரும். மரத்துப்போன காலில் ரத்தம் ஓடத் தொடங்கும்போது குத்துவது போலத்தான் இது. அப்போது விட்டுவிட்டு முகம் கழுவுங்கள், வாசலைக் கூட்டுங்கள், வேறொரு நாள் பாருங்கள்.

வீட்டில் அடி உதை என்றால் இந்தப் பயிற்சியை வைத்துக்கொண்டு பொறுத்துப் போகக்கூடாது. அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999ஐ அழையுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லையென்றால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்: மனவேதனையைக் காதுகொடுத்துக் கேட்கும் தொண்டு அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் 03-76272929 இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு; சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான தாலியான் ஹீல் 15555உம் உண்டு. போலீஸ் பிடிக்கும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இலேயே நீக்கிவிட்டது. அழைக்கும்போது, தமிழில் பேசுபவர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.

இப்படிக்கு,
மனநல ஆலோசனைப் பணியில் உள்ள வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.