வத்தல்மலை செடிக் கணக்கெடுப்பு: ஞாயிற்றுக்கிழமை

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 6 மணிக்கு தர்மபுரி பேருந்து நிலையத்தில் கூடுகிறோம். அனுமதி கிடைத்துவிட்டது.

மரங்களுக்கு 10-க்கு 10 மீட்டர், புதர்களுக்கு 5-க்கு 5, சிறுசெடிகளுக்கு 1-க்கு 1 என்று கயிறு கட்டி, அதற்குள் நிற்பதை மட்டும் எண்ணுவோம். கயிற்றுக்கு வெளியே எவ்வளவு அழகான பூ இருந்தாலும் கணக்கில் சேராது, படம் எடுத்துக்கொள்ளலாம்.

படம் என்றதும் பூவை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி வருகின்றனவா, காம்பைக் கிள்ளினால் பால் வடிகிறதா என்பதையும் குறித்தால்தான் இனம் பிடிபடும். அப்புறம், பால் பட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள்!

உண்ணிச்செடியை (லாண்டானா, வெளிநாட்டிலிருந்து வந்து காட்டில் பரவும் புதர்) சலிக்காமல் எண்ணுங்கள். அது எவ்வளவு இடத்தை வளைத்திருக்கிறது என்பது முக்கியம். எதையும் வேரோடு பிடுங்க வேண்டாம்.

மதியச் சோறு கட்டிக்கொள்ளுங்கள். வருபவர்கள் வெள்ளிக்குள் பெயர் போடுங்கள், வண்டி பேச வேண்டும்.