கலப்புத் திருமணமும் நற்கருணை வரிசையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) வீட்டுப் பெண்ணுக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டு மாப்பிள்ளைக்கும் கல்யாணம் நடப்பது புதிதல்ல. அந்தக் கல்யாணப் பூசையில் (திருப்பலியில்) நன்மை, அதாவது கிறிஸ்துவின் உடலாக ஏற்கப்படும் அப்பமான நற்கருணை, கொடுக்கும் நேரம்தான் சங்கடம். சம்பந்தி வீட்டார் வரிசையில் வந்து நிற்பார்கள், பங்குத்தந்தை தயங்குவார், சாப்பாட்டுப் பந்தியில் அதுவே பேச்சாகிவிடும். இதில் யாரும் யாரையும் அவமதிப்பதில்லை. இரண்டு சபைகளின் விதியும் வேறு வேறு; அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சி.எஸ்.ஐ. சபையில் பொதுவாகத் திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்கள் திருவிருந்தில் சேர்வார்கள்; நற்கருணைக்கு அங்கே திருவிருந்து என்று பெயர். வேறு சபைகளில் திருவிருந்து எடுத்துவருபவர்களையும் வரவேற்பது அவர்கள் வழக்கம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டீரியன் எனப் பல மரபுகள் 1947-ல் ஒன்றுசேர்ந்து உருவான சபைக்கு அது இயல்புதான். அந்தப் பழக்கத்தில்தான் ஆர்.சி. கோவிலிலும் எழுந்து வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கத்தோலிக்க விதி 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 844-ஆம் பிரிவில் இருக்கிறது. கத்தோலிக்க குரு கத்தோலிக்கருக்கே நற்கருணை தர வேண்டும் என்பது பொது நிலை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையினர் தாமாகக் கேட்டு, தகுந்த மனநிலையிலும் இருந்தால் தரலாம். சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற புராட்டஸ்டண்டு சபையினருக்கு வாசல் குறுகியது. மரண ஆபத்து, அல்லது ஆயரோ (மறைமாவட்டத் தலைவர்) ஆயர் பேரவையோ ஒப்புக்கொள்ளும் கடுமையான தேவை இருக்க வேண்டும். அப்போதும் அவர் தம் சபைப் போதகரை அணுக முடியாத நிலையில் இருந்து, தாமாகவே கேட்டு, நற்கருணை பற்றிய கத்தோலிக்க விசுவாசத்தை வெளிப்படுத்தி, தக்க ஆயத்தத்தோடும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆகாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்கு இது பொருந்தலாம். கல்யாணத்துக்கு வந்த பெரியப்பாவுக்கு வழக்கமாகப் பொருந்தாது. இன்னொன்றையும் ஆர்.சி. குடும்பங்கள் மறந்துவிடுகின்றன: மாப்பிள்ளையின் ஆலயத்தில் திருவிருந்து நடக்கும்போது அங்கே போய் முழந்தாளிட்டு வாங்குவதற்கும் இதே சட்டம் இடம் தரவில்லை.

கத்தோலிக்கர் என்பதாலேயே எல்லோரும் வரிசையில் நிற்கலாம் என்றும் இல்லை. புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியிருக்க வேண்டும். கனமான பாவம் இருப்பதாக உணர்பவர் முதலில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்ய வேண்டும். வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர், மருந்து தவிர எதுவும் உட்கொள்ளக் கூடாது. கல்யாண வீட்டுக் காப்பியும் இதில் சேர்த்தி. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்த ஒரு மணிக் கட்டுப்பாடு இல்லை. கோவில் திருமணம் இல்லாமல் பதிவுத் திருமணம் மட்டும் செய்து வாழ்பவர்கள் பங்குத்தந்தையைப் பார்த்து அதைச் சரிசெய்த பிறகே வாங்கலாம்.

சட்டத்தில் இல்லாத தடைகளையும் நம் வீடுகள் சேர்த்து வைத்திருக்கின்றன. மாதவிலக்கு நாட்களில் வாங்கக் கூடாது என்பது அப்படி ஒன்று. விவாகரத்து ஆனவர் வாங்கவே முடியாது என்பது இன்னொன்று. மறுமணம் செய்யாமல் தனித்து வாழ்பவருக்கு, விவாகரத்து ஆனது என்பதற்காக மட்டும் தடை கிடையாது. கணவர் இந்து என்பதால் மனைவி ஒதுங்க வேண்டியதில்லை. ஆயரிடம் விலக்குப் பெற்று முறைப்படி நடந்த திருமணம் என்றால் அவர் தாராளமாக வாங்கலாம்.

வரிசையில் நடக்கும் தவறு பெரும்பாலும் தெரியாமல் நடப்பது. பெஞ்சு முழுவதும் எழுந்து போகும்போது தனியே உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு, கிறிஸ்தவரல்லாத நண்பரும் பின்னாலேயே போய்விடுகிறார். குருவானவர் 'கிறிஸ்துவின் உடல்' என்கிறார். 'ஆமென்' என்று பதில் சொல்ல அந்த நண்பருக்குத் தெரியாது. அப்பத்தைக் கையில் வாங்கி, கோவில் பிரசாதம் போல வீட்டுக்குக் கொண்டுபோகச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். கையில் வாங்குபவர் கொடுப்பவர் முன்னாலேயே உட்கொள்ள வேண்டும் என்பது முறை. அதனால்தான் பீடச் சிறுவனோ (பூசையில் உதவும் சிறுவன்) உபதேசியாரோ (கோவில் பணியில் குருவுக்கு உதவுபவர்) அவர் பின்னால் ஓட வேண்டியதாகிறது. விருந்தினரைப் பெஞ்சின் உள்பக்கமாக, சுவரோரம் உட்காரவைத்தால் மற்றவர்களுக்கு வழிவிட அவர்கள் எழ வேண்டியிராது. பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

மீதித் தொல்லைக்குத் திருச்சபையின் திருமணச் சடங்கு நூலிலேயே வழி இருக்கிறது. மணமக்களில் ஒருவர் வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவர் என்றால், பூசை இல்லாத திருமணச் சடங்குதான் அங்கே வழக்கமான முறை. பூசையோடு வைக்க ஆயரின் சம்மதம் வேண்டும். ஞானஸ்நானமே பெறாதவரை மணக்கும்போது பூசை கிடையாது. இறைவார்த்தை வாசகம், மறையுரை, மணமக்கள் சம்மதம், மோதிரமும் தாலியும், ஆசீர்வாதம் என எல்லாம் பூசையில்லாத சடங்கிலும் உண்டு. பெண் வீட்டார்தான் 'பூசை இல்லாவிட்டால் அரைக் கல்யாணம்' என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். திருமணத்தை உண்டாக்குவது மணமக்கள் சொல்லும் சம்மதம். பூசை இல்லாததால் அது குறைந்துபோவதில்லை.

பூசைதான் வேண்டும் என்று முடிவானால், கலப்புத் திருமண அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே அதற்கும் சேர்த்துக் கேட்டுவிடலாம். சம்பந்தி வீட்டாருக்கு விதியைச் சொல்ல வேண்டியவர் பெண்ணின் தகப்பனார். அதுவும் ஓலை எழுதும் (கோவிலில் திருமண அறிவிப்புக்குப் பெயர் பதியும்) முன்பு. கோவிலில் செய்யும் அறிவிப்பு பூசை தொடங்குமுன் இருக்கட்டும். நற்கருணை நேரத்தில் சொன்னால், எழுந்து வந்தவர்கள் எல்லோர் முன்னிலையிலும் திரும்பிப் போய் உட்கார வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.