கூண்டு ஏற்றிய பிறகு எவ்வளவு நேரம்?

தண்டையார்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தாலே வீட்டில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். இன்று அப்பா காசிமேட்டுக்குப் போயிருக்கிறார், அம்மா திருவொற்றியூர் கோயிலுக்கு. வீடு அமைதியாக இருக்கிறது, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் தெரு முனை ஜெராக்ஸ் கடை இப்போது மொபைல் கடையாகிவிட்டது. பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைகள் அப்படியே இருக்கின்றன. போன வாரம் போனேன், நீ இல்லாமல் ஒரு தட்டுக்கு மேல் இறங்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி இன்னும் தீரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்திலாவது ஓய்வெடுங்கள் என்றால் கேட்பதில்லை, படகுக்குப் பக்கத்தில் வலை சரிபார்க்க உட்கார்ந்துவிடுகிறார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வி.எம்-ஐ (கம்ப்யூட்டருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டரை) நிறுத்தும்போதெல்லாம் திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் அங்கும் இங்கும் ஓடுகின்றன, 'ஸ்டாப் ஜாப்' என்று சொல்லி ஒன்றரை நிமிடம் நிற்கிறது, பொறுக்க முடியாமல் வெளியிலிருந்து அடித்து அணைத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. போன வருடம் நான் பட்ட அடி அப்படி.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்கு நாங்கள் வேலை செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? தினமும் இரவு பில்களைத் தயாரித்து வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்பும் ஒரு பின்னணி வேலை அங்கே ஓடும். அதை எழுதியது நான்தான். கிளவுட் செலவைக் குறைக்க இரவு 10 மணிக்கு வி.எம் தானாக நிற்கும்படி வைத்ததும் நான்தான். மாதக் கடைசியில் ஒருநாள் பில் அதிகம், மொத்தம் 340. பத்து மணி ஆனபோது 212 போயிருந்தது. வி.எம் நின்றுவிட்டது. காலையில் எழுந்த புரோகிராமுக்கு ராத்திரி எங்கே நின்றோம் என்று தெரியாது. முதலிலிருந்து ஆரம்பித்தது. 212 பேருக்கு இரண்டாவது முறை பில் போனது. அதில் இரண்டு பேர் இரண்டு தடவை பணம் கட்டிவிட்டார்கள். அந்த அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா ஒரு வாரம் ஒவ்வொருவராகப் போன் செய்து விளக்கினார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து லிஸ்டில் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாரம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

நிறுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார். வெளியிலிருந்து முறையாக நிறுத்தச் சொன்னால், பவர் பட்டனை ஒருமுறை அழுத்திய மாதிரி ஒரு சைகைதான் வி.எம்-க்குள் போகிறது. உள்ளே லினக்ஸில் எல்லாவற்றையும் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி அதைக் கேட்டு, பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் சிக்டெர்ம் என்ற சிக்னலை அனுப்புகிறது. அது 15-ஆம் எண் சிக்னல். முடித்துக்கொள் என்று சொல்வதோடு சரி. புரோகிராம் அதைக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். வேறு மாதிரி அமைக்காவிட்டால் சிஸ்டம்டி 90 நொடி பொறுக்கும். அதற்குள் நிற்காதவர்களுக்கு அந்த இடத்திலேயே அணைத்துவிடும் சிக்கில், 9-ஆம் எண். அதைப் பிடிக்கவோ தள்ளிப்போடவோ எந்தப் புரோகிராமாலும் முடியாது.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்களே, சிக்டெர்ம் அதுதான். கரையிலிருந்து தகவல் வந்ததும் அப்பா படகை அப்படியே திருப்ப மாட்டார். வலை கடலுக்குள் இருக்கும்போது திருப்பினால் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும், அப்புறம் நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். முதலில் வலையை ஏற்றுவார்கள், கிடைத்த மீனை ஐஸில் போடுவார்கள், பிறகுதான் கரைக்குத் திரும்புவார்கள். புதிதாக வலை விடுவது கூண்டுச் செய்தி வந்த அந்த நொடியே நின்றுவிடும். நம் பின்னணி வேலையும் இதே வரிசையில்தான் நடக்க வேண்டும். புது வேலை எடுப்பதை நிறுத்து, கையில் இருப்பதை முடி, முடியாவிட்டால் வரிசையில் திருப்பி வை, எங்கே நின்றாய் என்று எழுதிவிட்டு வெளியேறு.

உன் வி.எம் ஏன் ஒன்றரை நிமிடம் நிற்கிறது என்று யோசித்தேன். நீ அனுப்பிய புரோகிராம் கோடில் பைத்தான் வொர்க்கர் (பின்னணி வேலையைச் செய்யும் புரோகிராம்) ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் 300 நொடி தூங்குகிறது. சிக்னல் வந்தால் 'நிற்கணும்' என்று ஒரு கொடியை ஏற்றும் ஹேண்ட்லரும் வைத்திருக்கிறாய். அது நல்ல பழக்கம்தான். ஹேண்ட்லருக்குள் பெரிய வேலை எதையும் செய்யாமல் கொடியை மட்டும் ஏற்றி, மெயின் லூப்பில் அதைப் பார்ப்பதுதான் சரி. ஆனால் பைத்தான் 3.5-லிருந்து டைம் ஸ்லீப்புக்கு நடுவே சிக்னல் வந்தால், ஹேண்ட்லர் எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எதுவும் எழுப்பாத வரை, மீதித் தூக்கத்தைத் தூங்கி முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கும். உன் வொர்க்கர் கொடியை ஏற்றிவிட்டு மறுபடியும் தூங்கப் போய்விடுகிறது. 90 நொடி ஆனதும் சிக்கில் விழுகிறது. எந்த வேலையும் செய்யாமல் தூங்கிக்கொண்டிருந்த புரோகிராமுக்காகத்தான் நீ அத்தனை நேரம் காத்திருந்தாய்.

ஸ்லீப்பை எடுத்துவிட்டு த்ரெடிங் ஈவென்ட் (செட் செய்ததும் காத்திருப்பவரை எழுப்பும் மணி மாதிரி) ஒன்றில் வொர்க்கரை 300 நொடி டைம்அவுட்டோடு வெயிட் பண்ண வை. ஹேண்ட்லரில் அந்த ஈவென்ட்டை செட் செய். சிக்னல் வந்த அடுத்த கணமே விழித்துக்கொள்ளும். என் வொர்க்கரில் இதை மாற்றிய அன்று, நிற்க எடுத்த நேரம் ஒரு நொடிக்குள் வந்துவிட்டது.

சிஸ்டம்டி பொறுக்கும் 90 நொடி டைம்அவுட்டை 5 நொடியாகக் குறைத்துவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம்டி. தூங்குகிற நேரத்தில் அது பரவாயில்லை. பெரிய ஃபைல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது சிக்னல் வந்தால் அந்த 5 நொடி போதாது. உன் வேலையின் மிகப் பெரிய துண்டு முடிய எவ்வளவு ஆகிறது என்று முதலில் அள. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக டைம்அவுட் வை. துண்டே ஐந்து நிமிடம் ஓடுகிறதென்றால் துண்டைச் சிறிதாக்கு.

ஏனென்றால் உனக்குக் கிடைக்கும் நேரத்தை நீ மட்டும் முடிவு செய்வதில்லை. அமேசானில் மலிவாக வாடகைக்குத் தரும் ஸ்பாட் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்போது இரண்டு நிமிடம் முன்னதாகச் சொல்வார்கள். கூகுளில் ஸ்பாட் வி.எம் என்றால் 30 நொடிதான். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் ஸ்டாப் கொடுத்தால் 10 நொடி, அப்படிப் பல பெட்டிகளை மேய்க்கும் குபர்னெட்டிஸில் 30 நொடி, நாமாக மாற்றாத வரை. எங்கள் ஆபீஸில் கரண்ட் போனால் யு.பி.எஸ் தாங்கும் எட்டு நிமிடம்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் கெடு. இவை ஒன்றுக்குள் ஒன்றாக அடங்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு, அவரைச் சுற்றி இருப்பவரைவிடக் குறைந்த நேரம். வொர்க்கருக்கு 40 நொடி, சர்வீஸுக்கு 60, வி.எம்-க்கு மூன்று நிமிடம், வி.எம்-ஐத் தாங்கும் நிஜ மெஷினான ஹோஸ்ட்டுக்கு ஆறு நிமிடம், அப்புறம்தான் யு.பி.எஸ்ஸின் எட்டு. எங்கள் ஹோஸ்ட்டில் முதலில் இது தலைகீழாக இருந்தது. உள்ளே சர்வீஸ் 90 நொடி கேட்க, ஹோஸ்ட் 60 நொடியில் ப்ளக்கைப் பிடுங்கிவிடும். உள்ளே நான் எழுதிவைத்த பொறுமை எதற்கும் உதவவில்லை.

வரிசையையும் பார்த்துக்கொள். சிஸ்டம்டி சர்வீஸ்களைத் தொடங்கிய வரிசைக்கு நேர் எதிராக நிறுத்தும், ஆனால் அந்த வரிசையை நீ எழுதியிருந்தால்தான். சர்வீஸை விவரிக்கும் என் யூனிட் ஃபைலில், எதற்குப் பிறகு தொடங்க வேண்டும் என்று சொல்லும் 'ஆஃப்டர்' வரியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பெயரைப் போட மறந்திருந்தேன். நிற்கும் நேரத்தில் டேட்டாபேஸும் வொர்க்கரும் ஒன்றாகவே நிறுத்தப்பட்டன. டேட்டாபேஸ் முந்திக்கொண்டது. வொர்க்கர் நல்ல பிள்ளையாக 'இங்கே நின்றேன்' என்று எழுதப் போனால், எழுத இடமே இல்லை. லாகில் அந்த ஒரு வரி பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்தப் பெயரைச் சேர்த்த பிறகு வொர்க்கர் முழுதாக நின்ற பின்தான் டேட்டாபேஸ் நிற்கிறது.

நீ டாக்கரிலும் ஓட்டுவதாகச் சொன்னாயே, அங்கே இன்னொரு வம்பு. டாக்கரின் பெட்டியான கன்டெய்னர் ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் (கட்டளைகளின் பட்டியலில்) தொடங்கி, அது பைத்தானைக் கூப்பிட்டால், சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடும். ஷெல் அதைக் கீழே அனுப்பாது. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் பைத்தானுக்கு முன்னால் எக்ஸெக் என்று ஒரு சொல் போடு, ஷெல்லின் இடத்தில் பைத்தானே வந்து உட்கார்ந்துவிடும். அவ்வளவுதான்.

இத்தனையும் செய்த பிறகும் ஒருநாள் சிக்கில் விழும், இல்லை கரண்ட் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பக்கம் எவ்வளவு நேரம் இருட்டில் இருந்தோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சுத்தம் செய்வதை நிறுத்தும் நேரத்துக்கு மட்டும் விட்டுவைக்காதே, தொடங்கும் நேரத்திலும் செய். மளிகைக் கடைக்காரர் ராத்திரி பெருக்கிவிட்டுத்தான் போகிறார், ஆனாலும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மறுபடி பெருக்குகிறார். அதுபோல வொர்க்கர் எழுந்ததும் முதலில் பழைய தற்காலிக ஃபைல்களைத் துடைக்கட்டும். எந்த ஃபைலையும் வேறு பெயரில் முழுதாக எழுதி, எஃப்சிங்க் செய்து (டிஸ்கில் நிஜமாகவே எழுதவைத்து), கடைசியில் சரியான பெயருக்கு மாற்று. அப்போது அந்தப் பெயரில் பாதி ஃபைல் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு வொர்க்கர் ஓடாமல் தடுக்கும் பூட்டுக்கு, புரோகிராமின் எண்ணை எழுதிவைக்கும் பிஐடி ஃபைலை நம்பாதே. வொர்க்கர் செத்தாலும் அந்த ஃபைல் கிடக்கும், அடுத்தவன் உள்ளே வர முடியாது. எஃப்லாக் என்ற பூட்டை வைத்தால் புரோகிராம் எப்படிச் செத்தாலும் லினக்ஸின் மையமான கெர்னலே பூட்டைத் திறந்துவிடும்.

மெயில் விஷயத்தை எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்கிறேன், இது உன் எஸ்எம்எஸ் வேலைக்கும் பொருந்தும். ஒவ்வொரு பில்லுக்கும் மூன்று நிலை வைத்தேன்: காத்திருக்கிறது, அனுப்பத் தொடங்கியது, போய்விட்டது. ஒவ்வொரு மாற்றமும் உடனே டேட்டாபேஸில் பதிவாகும். காலையில் வொர்க்கர் எழுந்ததும் காத்திருப்பதை மட்டும் எடுக்கும். 'தொடங்கியது' என்று நின்றுபோனதைத் தொடாது, ஒரு லிஸ்டில் போட்டு அந்த அக்காவுக்குக் காட்டும். மெயில் போன பிறகு, போனது என்று எழுதுவதற்கு முன் கரண்ட் போனதா, அல்லது மெயிலே போகவில்லையா என்பதை நம் பக்கத்திலிருந்து சொல்லவே முடியாது. அந்த இடைவெளியை எந்தக் கோடும் முழுதாக அடைக்காது. ஒரு வொர்க்கருக்கு ஒரு பில்தான் அப்படி மாட்டும், அதை மனுஷி ஒருவர் பார்த்து முடிவு செய்வதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் அனுப்பும் வேலையாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மாறாத தனி எண் ஒன்றைச் சேர்த்து அனுப்பு. எதிர்ப்பக்கம் அந்த வசதி வைத்திருந்தால், அதே எண் இரண்டாவது தடவை வரும்போது புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய பதிலையே தரும்.

இப்போது மாதம் ஒருமுறை இதைச் சோதித்துப் பார்க்கிறேன். எங்கள் பக்கம் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் நிறுத்துவார்கள். அதற்கு முந்தின நாள் மாலை சோதனை வி.எம்-இல் 500 போலி பில்களை ஓடவிட்டு, நடுவில் வி.எம்-ஐ உடனே அணைக்கும் வெர்ஷ் டிஸ்ட்ராய் கட்டளையைக் கொடுப்பேன். பெயர்தான் பயமாக இருக்கிறது, டிஸ்கை ஒன்றும் செய்யாது, ப்ளக்கைப் பிடுங்குவது மாதிரி மட்டும். திரும்ப எழுப்பி, 500-ம் ஒவ்வொரு தடவை மட்டும் போயிருக்கிறதா, எத்தனை லிஸ்டில் நிற்கிறது என்று எண்ணுவேன். முதல் மாதம் 7 இரட்டையாகப் போயிருந்தது. போன மாதம் இரட்டை இல்லை, லிஸ்டில் ஒன்று.

நீ ஸ்லீப்பை மாற்றியதும் ஒருமுறை முறையாக நிறுத்திப் பார்த்து, சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் கடைசி ஐம்பது வரியை அப்படியே எனக்கு அனுப்பு. எது முதலில் நிற்கிறது, எது கடைசியில் என்று சேர்ந்து பார்ப்போம். அதுவரை வெளியிலிருந்து அடித்து அணைக்காதே, 90 நொடி பொறுத்துக்கொள்.

அப்பா வந்துவிட்டார், கையில் நெத்திலி. கொஞ்சம் காயவைத்து அடுத்த வாரம் பார்சல் அனுப்புகிறேன். உன் மாமியாருக்குக் கருவாட்டு வாசனை ஆகாது என்று சொன்னாய், நன்றாகச் சுற்றிக் கட்டித்தான் அனுப்புவேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி