ஏணியில ஏறுனது நான்தான்

அம்மணி,

நேத்து காலைல 7 மணிக்கு வாசல் காமிரா உன் போன்ல மறுபடி வந்திருக்கும். அதுல முதல்ல தெரிஞ்ச மூஞ்சி என்னோடதுதான். இனி ஏணியில ஏறமாட்டேன்னு உனக்கு வாக்குக் குடுத்தவன் ஏணி உச்சியில நின்னுட்டு இருந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பையன் கீழ ஏணியப் புடிச்சுட்டுத்தான் இருந்தான், அது படத்துல விழுகல. போன்ல சொன்னா பாதியில "அப்பா, மீட்டிங்"னு வெச்சுருவ. அதுக்கோசரந்தான் காகிதத்துல எழுதி, அதே பையனைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லீருக்கறேன். முழுசாப் படிச்சுப்போட்டு அப்பறம் திட்டு.

காமிரா ரெண்டும் நனைஞ்ச அன்னைக்கு ராத்திரி பேஞ்சது சாதாரண ஐப்பசி மழை இல்ல. கோபி பக்கம் இப்படி விடியவிடிய கொட்டறது எப்பவோ ஒருக்காத்தான். தாவாரத்துத் தகரத்துல வேப்பெலை அடைச்சுக்கிச்சு, மேல நின்ன தண்ணியெல்லாம் காமிரா வயரு வழியாவே எறங்கீருச்சு. வாசல்ல இருக்கறதுக்கும் கட்டுத்தரையில இருக்கறதுக்கும் ஒரே கதிதான். ஒரே மழை, ஒரே கம்பெனி, ரெண்டையும் நீ ஒரே நாள்ல மாட்டுனது. ஆனா ஒண்ணு பொழைச்சுது, ஒண்ணு போயிருச்சு. ஏன்னு உனக்குச் சொல்லியே ஆகணும்.

இடி இடிச்சா உங்கம்மா டிவி, மிக்சி, காமிரான்னு எல்லாப் பிளக்கையும் புடுங்கிருவா. நீயும் நானும் அதுக்கு அவளை எத்தனை தடவ கேலி பண்ணீருக்கறோம்! அன்னைக்கும் 8 மணிக்கே வாசல் காமிராவைப் புடுங்கீட்டா. கட்டுத்தரை காமிரா இன்வெர்ட்டர் லைன்ல இருக்கறதால அவ கைக்கு எட்டல. அது ராவெல்லாம் ஓடீட்டே இருந்துச்சு. 2 மணி வாக்குல படம் கோடு கோடா வந்து நின்னுருச்சுன்னு நீதான் சொன்ன. காலைல நீ சொன்ன வைத்தியம் ரெண்டு. ஒண்ணு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கப்பா. ரெண்டு, அரிசியில போட்டு வைங்கப்பா. இஞ்சினியருக்குப் படிச்ச புள்ள!

வாசல் பிளக்கைச் சொருகப் போனவன் தற்செயலா மேல பார்த்தேன். கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாத் தண்ணி. கை அப்படியே நின்னுருச்சு. முப்பது வருசம் மோட்டார் கட்டுன கை இது. கெணறு நெறைஞ்சு முழுகுன மோட்டாரை மேல தூக்குனதும் ஓடுதான்னு சுவிட்சைப் போட்டுப் பார்க்கற அவசரக்காரங்க எத்தனை பேரோட காயிலைக் கருக்கி இருக்காங்கன்னு பார்த்தவன். தண்ணி மட்டும் பட்டா தாமிரம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. தண்ணியும் கரண்டும் ஒண்ணாச் சேர்ந்தாத்தான் கேடு. அதுவும் காமிராவுல போறது டிசி, ஒரே பக்கமா ஓடற கரண்டு. பிளஸ் பக்கத்துத் தாமிரம் தண்ணியில கரைஞ்சு கரைஞ்சு போயிரும், முலாம் பூசற பட்டறையில நடக்கற அதே சங்கதிதான். கட்டுத்தரை காமிராவைக் கழட்டிப் பார்த்தா, பவர் சொருகற எடத்துல நடுக்குச்சி பாதி இல்ல. போர்டுல பாசி புடிச்ச மாதிரி பச்சை. மாட்டு மூத்தர நெடி வேற ஏற்கெனவே அதை அரிச்சு வெச்சிருந்துச்சு. 12 வோல்ட்டுதானேன்னு நினைக்காத, ஒரு ராத்திரி போதும்.

வாசல் காமிராவை டவுனுக்குக் கொண்டுபோயி ஒரு கடையில காட்டுனேன். கையில வாங்கிக்கூடப் பார்க்கல, "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க பெரியவரே"ன்னாங்க. பெரியவரே! சரி, ஆகட்டும்னு மொபைல் ரிப்பேர் பண்ற பையன்கிட்ட ஐபிஏ, அதான் போர்டு கழுவற ஆல்கஹால், ஒரு பாட்டில் வாங்கீட்டு வந்துட்டேன்.

ஆசாரத்துல பழைய வேட்டிய விரிச்சு உக்காந்தேன். முதல் வேலை மெமரி கார்டை எடுத்தது. அப்பறம் முன்வளையம், மூணு ஸ்குரு. எது எங்க இருந்துச்சுன்னு தெரியறதுக்கு ஒரு அட்டையில படம் வரைஞ்சு அதுலயே குத்தி வெச்சேன். ரப்பர் வளையம் ஒரு எடத்துல மடங்கி இருந்துச்சு, அதுக்கடியில நசுங்குன கட்டெறும்பு ஒண்ணு. லென்சைச் சுத்தி ஒரு பஞ்சு வளையம் இருக்குது பாரு, அது நனைஞ்ச இட்லித்துணி மாதிரி இருந்துச்சு. அந்த வளையம் ஈரமா இருக்கறப்பவே மூடீருந்தா ராத்திரியில படம் பூரா வெள்ளைப் புகைதான் தெரியும். போர்டுக்குப் போற பட்டை வயருக்கு ஒரு கறுப்புப் பூட்டு உண்டு, நகத்துல தூக்குனா விட்டுக்கும். இழுத்தா கிழிஞ்சுரும்.

தகரத்துல ஊறி வந்த தண்ணி வெறும் மழைத்தண்ணி இல்ல, தூசி, துரு எல்லாம் கலந்தது. அதனால முதல்ல பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு தண்ணியில ஒரு அலசு, அப்பறம் ஐபிஏவைத் தொட்டு உன்னோட பழைய டூத் பிரஷ்ல லேசா ஒரு தேய்ப்பு. லென்சு, சென்சார் பக்கம் பிரஷ் போகவே இல்ல. போர் தண்ணி பட்டிருந்தா இன்னும் மோசம், அதுல இருக்கற உப்பு காஞ்சும் போகாம போர்டுலயே ஒட்டிக்கும்.

மோட்டாரா இருந்தா உள்ள 100 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு ஒரு நாள் பூரா வாட்டி எடுத்திருப்பேன். காமிராவுக்கு அந்தச் சூடு ஆகாது, லென்சு ஒட்டுன பசை விட்டுரும். வெயிலும் ஆகாது. லென்சு சூரியனைப் பார்த்து நின்னா பூதக்கண்ணாடியில காகிதத்தைச் சுடற கதைதான், சென்சார் பொசுங்குனாலும் பொசுங்கீரும். அதனால நெழலுல, ஃபேன் காத்துல ஒரு நாள். அப்பறம் உங்கம்மா அரிசிப் போசியைத் தூக்கீட்டு வந்தா. அரிசிக்குள்ளயே ஈரம் இருக்குது, அதோட தவுடு வேற போர்டுல ஒட்டும்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். உன் சின்ன மாமன் திருப்பூருல பனியன் பேக்கிங்ல இருக்கறது இப்பத்தான் பிரயோசனப்பட்டுச்சு. பெட்டிக்குள்ள போடற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒரு பை நெறைய பஸ்ல குடுத்துவிட்டான். பெரிய டிபன் பாக்ஸ்ல காமிராவும் பொட்டலமும் போட்டு இறுக்கி மூடி, ரெண்டு நாள் அட்டாலி மேல. ஊருக்கே உப்புமா கிண்டிக் குடுக்கற டிபன் பாக்ஸ் அதுதான்னு உங்கம்மா ரெண்டு நாளும் மொணங்கினா.

மூணாம் நாளு பழக்கதோசத்துல மெக்கரைக் கையில எடுத்துட்டேன். மோட்டார் காஞ்சுருச்சான்னு 500 வோல்ட் விட்டுப் பார்க்கற கருவி அது. காமிராவுல வெச்சிருந்தா அங்கேயே சமாதி. நல்லவேளை, சித்த நேரம் யோசிச்சுக் கீழ வெச்சேன். மல்டிமீட்டர்ல ஷார்ட் இல்லைன்னு பார்த்துட்டு, ஸ்கூட்டர் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணை நடுவுல சீரிஸ்ல போட்டு அடாப்டரைக் குடுத்தேன். ஷார்ட் இருந்தா பல்பு எரியும், காமிரா தப்பிச்சுக்கும். பல்பு எரியல. லென்சைக் கையால மூடுனேன். உள்ள "டிக்"னு ஒரு சத்தம், சுத்தியும் மங்கலாச் சிவப்பு. ராத்திரிக் கண்ணு தொறந்துருச்சு! உங்கம்மாளைக் கூப்பிட்டுக் காட்டுனா, "நான் பிளக்கைப் புடுங்குனதாலதான்"னுட்டுப் போயிட்டா. அதுவும் நெசந்தான்.

ஒண்ணு சொல்லீர்றேன், உள்ளயே பேட்டரி இருக்கற ரகமா இருந்தா நான் தொட்டே இருக்கமாட்டேன். தண்ணி பட்ட லித்தியம் பேட்டரி எப்பப் புகையும்னு சொல்ல முடியாது.

இப்ப உன் பேர்ல ஒரு குத்தம். பெட்டியில ஐபி 66னு போட்டிருக்குது, முன்னாடி 6 தூசிக்கு, பின்னாடி 6 பீச்சி அடிக்கற தண்ணிக்கு. அந்த நம்பரு காமிரா ஒடம்புக்குத்தான், வாலுக்கு இல்ல. வயரு ஜாயிண்ட்டை நீ சுவத்துமேலயே இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டிருந்த. டேப்பு ரெண்டு கோடை வெயில்ல பசை போயி உரிஞ்சுருச்சு. திரியில எண்ணெய் ஏறற மாதிரி தண்ணி வயருக்குள்ளயே ஏறிப் போயிருக்குது. இப்ப ஜாயிண்ட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வெச்சு, ஓட்டை கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி மாட்டீட்டேன். வயரு பெட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஊஞ்சல் மாதிரி ஒரு தொங்கல் விட்டிருக்கறேன், தண்ணி அங்கயே சொட்டீரும். ரப்பர் வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் பூசியாச்சு.

நீ ரெண்டு புதுசு ஆர்டர் போட்டிருக்கறதாச் சொன்ன. ஒண்ணை ரத்து பண்ணிரு. கட்டுத்தரைக்கு மட்டும் ஒண்ணு வரட்டும். அங்கத்த கார்டு நல்லாத்தான் இருக்குது, உங்கம்மாளோட மாத்திரை டப்பாவுல பத்திரமா வெச்சிருக்கறேன். மயிலை கன்னு போட்டது அதுல இருக்குதாம், அழிச்சுப் போடாதீங்கறா.

வாசல் காமிரா கொஞ்சம் திரும்பிக்கிச்சு போல. முருங்கை மரம் பாதியும் தெரியுதுன்னு பையன் சொல்றான், கேட்டுத் தாழ்ப்பாள் தெரியலையாம். நீ போன்ல பார்த்து எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பணும்னு சொல்லு. இந்தத் தடவ பையன் ஏறுவான், நான் கீழ நின்னு ஏணியப் புடிச்சுக்கறேன்.

அப்பா