லேண்ட்லைனைச் சரண்டர் செய்யும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடையில் எந்நேரமும் ஆள் இருப்பதில்லை, மணி அடித்தால் எடுக்க யாருமில்லை என்று சொல்லி, போர்டிலும் பில் புக்கிலும் வருடக்கணக்காக அச்சாகிவரும் 0424 நம்பரைச் சரண்டர் செய்துவிடும் வியாபாரிகள் ஈரோட்டில் பெருகிவருகிறார்கள். ஒன்றை யோசிக்க வேண்டும். நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் போர்ட்டபிலிட்டி வசதி நம் நாட்டில் மொபைலுக்கு மட்டும்தான். லேண்ட்லைன் நம்பரை ஒரு சிம்முக்கு மாற்றிக்கொள்ள வழியே கிடையாது. விட்டால் விட்டதுதான். நம்பரை வைத்துக்கொண்டு, வரும் அழைப்பை மட்டும் மொபைலுக்குத் திருப்பிவிடலாம். பெரும்பாலான கடைகளுக்கு இதற்காக ஒரு கருவிகூட வாங்க வேண்டியதில்லை.

எக்ஸ்சேஞ்சிலேயே அழைப்பைத் திருப்பிவிடும் டைவர்ட்தான் மலிவானது, பழுது குறைந்ததும்கூட. இதில் பல வகை உண்டு: எல்லா அழைப்பையும் உடனே திருப்புவது, மணி அடித்து எடுக்காவிட்டால் திருப்புவது, லைன் பிஸியாக இருந்தால் திருப்புவது. ஃபைபர் இணைப்பில் நான்காவதாக, போன் தொடர்பிலேயே இல்லாதபோது திருப்புவது. இந்த நான்காவதைப் பற்றிக் கீழே சொல்கிறோம். சிக்கல் அங்கேதான் வருகிறது.

டைவர்ட் வைக்க நம் போனில் டயல் செய்ய வேண்டிய கோட் எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோடைப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பதில் பயனில்லை. கஸ்டமர் கேரிலோ எக்ஸ்சேஞ்சிலோ நம் நம்பரைச் சொல்லி, முதலில் அந்த வசதி திறந்திருக்கிறதா என்று கேட்டு, டைவர்ட் போடும் கோட், அதை எடுக்கும் (ரத்து செய்யும்) கோட் இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். கோடில் நட்சத்திரக் குறி இருந்தால் போனின் அடியில் இருக்கும் சிறு சுவிட்சைப் பாருங்கள். அது பல்ஸில் இருந்தால் அந்தக் குறி எக்ஸ்சேஞ்சுக்குப் போகவே போகாது, டோனுக்குத் தள்ளிவிட வேண்டும். வெளியூர் அழைப்பைத் தடுக்கும் எஸ்டிடி பூட்டுப் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மொபைல் எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து 11 இலக்கமாகப் பதியுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் போட முன்னால் பூஜ்யம் கட்டாயம். டைவர்ட்டும் நம் லேண்ட்லைன் போடும் அழைப்புதானே.

சோதிப்பதில் எல்லோருக்கும் ஒரு குழப்பம் வரும். எந்த மொபைலுக்குத் திருப்பினோமோ அதே மொபைலிலிருந்து கடை நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தால் பிஸி டோன்தான் கேட்கும். மூன்றாவது போன் ஒன்றிலிருந்து கூப்பிட வேண்டும். எல்லா அழைப்பையும் திருப்பியிருந்தால் மேஜைப் போனில் மணி அடிக்காது. "லைன் டெட்" என்று புகார் கொடுக்கும் முன் ரிசீவரை எடுத்துக் கேளுங்கள். டயல் டோன் வந்து, வெளியே பேசவும் முடிந்தால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது. டைவர்ட் இருக்கும்போது பல எக்ஸ்சேஞ்சுகளில் டயல் டோனே விட்டுவிட்டு ஒலிக்கும்.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது? கடையில் பகல் முழுக்க ஆள் உண்டு, சாப்பாட்டு நேரத்திலும் ராத்திரியிலும்தான் இல்லை என்றால் "எடுக்காவிட்டால்" வகை போதும் என்று தோன்றும். ஆனால் காத்திருப்பு நேரத்தைக் கணக்குப் பாருங்கள். நம் ஊர் மணி ஒரு சுற்றுக்கு 3 விநாடி. 20 விநாடி கழித்துத் திரும்பும் என்றால் கூப்பிடுபவர் ஆறேழு மணி கேட்டாகிவிட்டது. பிறகு மொபைலுக்கு இணைப்புப் போக சில விநாடி, அதை நாம் பையிலிருந்து எடுக்க இன்னும் சில மணி. அதற்குள் அவர் அடுத்த கடைக்குப் போட்டிருப்பார். காத்திருக்கும் நேரத்தை 10 அல்லது 15 விநாடிக்குக் குறைக்க முடிந்தால் குறைத்துவிடுங்கள். முடியாவிட்டால் கடை பூட்டும்போது முழு டைவர்ட் போட்டு, திறந்ததும் எடுப்பதே எங்கள் பரிந்துரை. எடுக்கும் கோடை மேஜைப் போன் மீதே எழுதி ஒட்டிவையுங்கள்.

ஃபைபர் இணைப்புக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. செம்புக் கம்பி அறுந்துபோனால்கூட எக்ஸ்சேஞ்ச் மணி அடித்துக்கொண்டேயிருக்கும். ஆகவே "எடுக்காவிட்டால்" டைவர்ட் வேலை செய்துவிடும். ஃபைபரில் அப்படியில்லை. கரண்ட் போய் மோடம் அணைந்தால் கம்பெனியின் சர்வரில் நம் போன் பதிவே இல்லாமல் போகிறது. மணியே அடிக்காதபோது "மணி அடித்தும் எடுக்கவில்லை" என்ற நிலை வராது, டைவர்ட்டும் ஓடாது. "தொடர்பில் இல்லாதபோது" வகையையும் சேர்த்துப் போட்டுவைத்தால்தான் அழைப்பு மொபைலுக்கு வரும். முழு டைவர்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது சர்வரிலேயே நடந்துவிடுகிறது. மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் வைத்துக்கொள்வதும் நல்லது. மோடம் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

செலவுக்கு வருவோம். கூப்பிடுபவர் நம் லேண்ட்லைன் வரைக்கும்தான் காசு கொடுக்கிறார். அங்கிருந்து மொபைலுக்குப் போகும் தூரம் நம் கணக்கில் ஏறும். தினம் 30 அழைப்பு, ஒவ்வொன்றும் 2 நிமிடம், நிமிடத்துக்கு 1 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1800 ரூபாய். பழைய திட்டத்திலேயே இருந்துகொண்டு டைவர்ட் போட்டால் பில்லைப் பார்த்து மயக்கம்தான் வரும். எல்லா நெட்வொர்க்குக்கும் வரம்பில்லாமல் பேசும் திட்டமாக மாறிவிட்டால் அந்தச் செலவு அநேகமாக இல்லை. 500 ரூபாய்த் திட்டம் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 590, இன்டர்நெட்டும் அதிலேயே. டைவர்ட் ஆகும் அழைப்பும் வரம்பில்லாததில் சேருமா என்று மாறும் முன்பே கேட்டுவிடுங்கள்.

டைவர்ட் ஆன அழைப்பில் கூப்பிட்டவர் நம்பர் தெரிகிறதா, நம் கடை நம்பரே தெரிகிறதா என்று முதல் நாளே பாருங்கள். கடை நம்பர்தான் தெரிகிறதென்றால் மிஸ்டு காலுக்குத் திருப்பிக் கூப்பிட முடியாது. இன்னொன்று: மொபைல் கிடைக்காவிட்டால் லேண்ட்லைனுக்குப் போகட்டும் என்று மொபைலிலும் டைவர்ட் வைத்திருப்பவர்கள் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று துரத்திக் கடைசியில் லைன் கட்டாகிவிடும். மொபைலின் கால் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்து அதை எடுத்துவிடுங்கள்.

இன்டர்காம் உள்ள ஆபீஸ்கள் அந்த இன்டர்காம் பெட்டி வழியாகவே அழைப்பை வெளியே மொபைலுக்குத் திருப்பலாம் என்று நினைக்கின்றன. முடியும், ஆனால் ஓர் அழைப்புக்கு இரண்டு லைன் பிடிக்கும், வர ஒன்று, போக ஒன்று. ஒரே லைன் உள்ளவர்களுக்கு இது ஆகாது. இரண்டு லைன் இருந்தாலும், பேசி முடித்து வைத்ததை அனலாக் லைனில் பெட்டி சரியாகக் கண்டுபிடிக்காமல் இரண்டும் மாட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். பிஸி டோனைக் கண்டறியும் அமைப்பைச் சரிசெய்து, அதிகபட்சப் பேச்சு நேரத்துக்கும் ஒரு வரம்பு வைத்தால் தப்பலாம். சிம் போர்ட் உள்ள பெட்டி என்றால் போகும் பாதி சிம் வழியாகப் போய்விடும், அது பரவாயில்லை.

காசே இல்லாத வழி ஒன்று, வாட்ஸ்அப் பிசினஸ். லேண்ட்லைன் நம்பரிலேயே கணக்குத் தொடங்கலாம். 91 போட்டு, எஸ்டிடி கோடின் பூஜ்யத்தை விட்டுவிட்டு 424, பிறகு ஏழிலக்க எண். எஸ்எம்எஸ் வராது, காத்திருந்து "என்னைக் கூப்பிடு" என்பதைத் தொட்டால் கடைப் போனுக்கு மணி அடித்து ஆறு இலக்க எண்ணைச் சொல்லும். உடனே இரண்டடுக்குப் பாதுகாப்புப் பின்னையும் போட்டுவிடுங்கள். சாதாரண அழைப்பு இதில் வராது, வாட்ஸ்அப் அழைப்பும் செய்தியும் வரும். ஜியோஃபைபர் வைத்திருப்பவர்கள் ஜியோஜாயின் (முன்பு ஜியோகால்) செயலியில் லேண்ட்லைன் எண்ணைப் பதியலாம். ஓடிபி, கணக்கில் பதிவான மொபைலுக்கு வரும். கடை வைஃபையை விட்டு வெளியே போய் மொபைல் டேட்டாவில் ஒருமுறை சோதித்த பிறகு நம்புங்கள். ப்ளூடூத் கார்ட்லெஸ் போனை இதற்கென்று வாங்கிவிடாதீர்கள், அது மொபைல் அழைப்பை மேஜைப் போனுக்குக் கொண்டுவரும் கருவி. நமக்கு வேண்டியது நேர்மாறு. பல சிம் போட்ட பெட்டிகளை மலிவாகத் தருகிறேன் என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் கள்ள எக்ஸ்சேஞ்ச் வழக்குகளில் பிடிபடுபவை அந்தப் பெட்டிகள்தான்.

டைவர்ட்டையே அரசு தடை செய்துவிட்டது என்ற பேச்சு ஒன்று சுற்றுகிறது. மொபைலில் *401# போன்ற யுஎஸ்எஸ்டி கோட் வழியாகத் திருப்புவதைத்தான் 2024 ஏப்ரல் 15 முதல் தொலைத்தொடர்புத் துறை நிறுத்திவைக்கச் சொன்னது. கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி அந்தக் கோடைப் போடவைத்து, ஓடிபி அழைப்புகளைத் தங்களுக்குத் திருப்பிக்கொண்ட மோசடிதான் காரணம். லேண்ட்லைனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: நாமாகக் கூப்பிட்டுக் கேட்டு வாங்கிய கோடைத் தவிர வேறு எதையும், யார் சொன்னாலும் போடக் கூடாது.

தொலைபேசி நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். டைவர்ட் போடும் கோட், எடுக்கும் கோட், காத்திருப்பு விநாடியை மாற்றும் முறை, டைவர்ட் அழைப்புக்கான கட்டணம் ஆகிய நான்கையும் மாத பில்லின் பின்பக்கத்தில் தமிழில் அச்சிடுங்கள். இப்போது அங்கே விளம்பரம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தொலைபேசி, இன்டர்காம் பராமரிப்புத் தொழில் செய்வோர்,
ஈரோடு.