இயங்குதளம் மாற்றும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட நிலையில், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை என்பதால், நன்றாக ஓடும் இயந்திரங்களைக் கழித்துக் கட்டாமல் அவற்றில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் நிறுவலாம் என்னும் உன் முடிவு சரியானதே. ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று நீ போட்டிருக்கும் திட்டத்தைத்தான் கைவிடச் சொல்கிறேன்.

இயங்குதளம் என்ற ஒன்றைப் பயனர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அவர்கள் அறிந்தவை விரிதாள், உலாவி, மின்னஞ்சல், அச்சுப்பொறி ஆகியவைதான். ஆகவே விண்டோஸில் இருக்கும்போதே லிப்ரே ஆபிஸ் என்னும் அலுவலகத் தொகுப்பையும் ஃபயர்பாக்ஸ் உலாவியையும் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியையும் அவர்களுக்குப் பழக்கிவிடு. இவை லினக்ஸிலும் ஏறக்குறைய அதே முகத்துடன் வரும். பிரான்சின் ஜாந்தார்மரி காவல் படை 2005இல் லிப்ரே ஆபிஸின் முன்னோடியான ஓப்பன் ஆபிஸுக்கும், அடுத்து ஃபயர்பாக்ஸுக்கும் தண்டர்பேர்டுக்கும் மாறிய பின்னரே, 2008 முதல் உபுண்டு என்னும் லினக்ஸ் வகையைக் கொண்டுவரத் தொடங்கியது. மியூனிக் நகராட்சியோ பல்லாண்டு உழைத்து ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியும், 2017இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதில் அரசியலும் கலந்திருந்தது என்றாலும், கோப்புகள் ஒத்துவரவில்லை என்ற மனக்குறையை நீ அலட்சியம் செய்துவிடக் கூடாது.

கணக்குப் பிரிவிலிருந்து தொடங்கு. மேக்ரோ, அதாவது வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல், எழுதப்பட்ட எக்ஸெல் கோப்புகள் அங்கேதான் குவிந்திருக்கும். லிப்ரே ஆபிஸ் அவற்றில் சிலவற்றை இயக்கும், சிலவற்றில் திணறும். திணறுபவற்றுக்காக ஒன்றிரண்டு கணினிகளில் விண்டோஸை விட்டுவைப்பதில் உனக்கு எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்களைத் தனியாகக் கவனி. பழைய தட்டச்சுப்பொறி முறையில் விரைந்து அடிப்பவரிடம், ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழை அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறையைத் திணித்தால், புதிய தளத்தின் மீது அவருக்கு அன்றே வெறுப்பு வந்துவிடும். லினக்ஸில் ஐபஸ் என்னும் தட்டச்சு உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99, தட்டச்சுப்பொறி, ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்றையுமே அமைத்துக் கொடுக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ள ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். அவற்றை முன்கூட்டியே யூனிகோடுக்கு மாற்றிவிடு.

நிறுவுவதற்கு முன், யூஎஸ்பியிலிருந்தே லினக்ஸை இயக்கி, வைஃபை, அச்சுப்பொறி, ஸ்கேனர் ஆகியவற்றைச் சோதித்துப் பார். கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டிய வட்டாக இருந்தால் மீட்புச் சாவி கையில் இருக்கட்டும்.

மாற்றிய பின் பயனரின் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் வழி சொல். எவ்வளவு பொறுமை இழந்தாலும் மவுஸை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கிவிடாதே. கட்டளைச் சாளரத்தைத் திறந்து காட்டுவதும் கட்டற்ற மென்பொருளின் பெருமையை எடுத்துரைப்பதும் அந்த நேரத்துக்கு வேண்டாம். அவருக்கு அப்போது தேவை, நேற்று சேமித்த கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதில் மட்டுமே.

மேக்ரோ உள்ள கோப்புகளின் பட்டியலை எடுத்ததும் எனக்கு அனுப்பு. எவை தேறும், எவை தேறாது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா