மருந்து முகப்பில் நிற்பவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொவிட்-19 காலத்தில் உழைத்த சுகாதார ஊழியர்களை நினைவுகூர்ந்து உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவர்கள், தாதியர், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், துப்புரவாளர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். மருந்தாளர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2020 மார்ச் 30 இரவு 8 மணிக்குச் சிங்கப்பூர் மக்கள் வீட்டு வாசலிலும் மாடத்திலும் நின்று கைதட்டியபோதும் எங்களை நினைத்தவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். நான் இந்தத் தொழிலில் இருப்பவள். பாராட்டு கேட்டு இதை எழுதவில்லை. அந்த ஆண்டுகளில் மருந்தகங்களில் நடந்ததை யாரும் சொல்லாமலே விட்டால், அடுத்த கிருமிப்பரவலிலும் அதுவே நடக்கும் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

மாத்திரையை எண்ணிப் பையில் போட்டுக் கொடுப்பதுதான் எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணுவதற்கு இப்போது பல இடங்களில் இயந்திரமே இருக்கிறது. ஒரு மருந்துச் சீட்டு வந்தால், அளவு சரியா, நோயாளியின் சிறுநீரகம் அதைத் தாங்குமா, ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு மோதுமா, ஒவ்வாமை உண்டா என்று பார்ப்பது மருந்தாளர். சந்தேகம் வந்தால் மருத்துவரை அழைத்துக் கேட்க வேண்டும். அப்புறம் நோயாளிக்குப் புரியும்படி விளக்க வேண்டும். இத்தனைக்கும் தெளிவான மனம் வேண்டும். களைத்துப்போன மருந்தாளர் நோயாளிக்கு ஆபத்து என்று சொல்ல நான் தயங்க மாட்டேன்.

2020 பிப்ரவரி 7ஆம் தேதி நோய்ப்பரவல் விழிப்புநிலை, சிவப்புக்கு ஒரு படி கீழான ஆரஞ்சுக்கு உயர்த்தப்பட்டதும் எங்கள் நாள்கள் மாறிப்போயின. முகக்கவசம் இருக்கிறதா, கிருமிநாசினி இருக்கிறதா என்று கேட்டே வரிசை நீண்டது. இல்லை என்று சொன்னால் திட்டு விழுந்தது. அடுத்து மருந்துகளின் வரத்தே ஆட்டம் கண்டது. மார்ச் 3ஆம் தேதி இந்தியா, பாராசிட்டமால் உள்ளிட்ட 26 மருந்து மூலப்பொருள்கள், மருந்துகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. அதே மாதம் 25ஆம் தேதி ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்த மருந்து கொவிட்டைக் குணப்படுத்தும் என்று உலகமே பேசிக்கொண்டிருந்தது. அதையே நம்பி வாழும் லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) நோயாளிகளும் முடக்குவாத நோயாளிகளும் எங்களுக்கு அழைத்து, "அடுத்த மாதம் எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார்கள். உறுதியாகப் பதில் சொல்ல முடியாத கேள்வியை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு பாரம் என்பது அந்த நாற்காலியில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை ஊர் அடங்கியிருந்த காலத்தில், மருத்துவமனைக்கு வர வேண்டாம், மருந்து வீட்டுக்கே வரும் என்று ஏற்பாடானது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முகப்பில் இரண்டு நிமிடத்தில் முடியும் விளக்கம் தொலைபேசியில் பதினைந்து நிமிடம் ஆனது. மாத்திரையின் நிறுவனம் மாறி நிறமும் வடிவமும் மாறியிருக்கும். "அந்த வெள்ளை மாத்திரையாம்மா? சின்னதா, பெருசா?" என்று ஒரு பாட்டி கேட்பார். அவரிடம் பெட்டியில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அளவு கொஞ்சம் கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி. இந்த அழைப்புகளுக்கென்று கூடுதல் ஆள் நாங்கள் வேலை பார்த்த இடத்தில் கொடுக்கப்படவில்லை. முகப்பு வேலை முடிந்தபின் செய்தோம்.

வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் தொற்று பரவியபோது தமிழ் பேசும் மருந்தாளர்கள் மீது இன்னொரு சுமை ஏறியது. அதைச் சுமை என்று சொல்லவே மனம் வரவில்லை. புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்த தம்பிகள், "அக்கா, இந்த மருந்து சாப்பிட்டா ஊருக்குப் போக விடுவாங்களா?" என்று கேட்டார்கள். மருந்தை விளக்கிவிட்டு அழைப்பை வைத்துவிட முடியாது. அம்மாவிடம் பேசினீர்களா, சாப்பாடு வருகிறதா என்று கேட்கத்தான் தோன்றும். தமிழ் தெரிந்தவர்கள் ஓரிருவரே என்பதால் எல்லா அழைப்பும் அவர்களிடமே திரும்பின. அவர்களின் மற்ற வேலையை யாரும் குறைக்கவில்லை.

பிறகு புதுப் பணிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. தடுப்பூசி வந்தது. ஃபைசர் குப்பியை உப்புநீரில் கலந்தால் 6 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், குலுக்கக் கூடாது, ஒரு துளி வீணாகக் கூடாது. 2021 ஜூன் 16 முதல் ஏஆர்டி எனப்படும் கொவிட் விரைவு சுய பரிசோதனைக் கருவிகள் மருந்துக் கடைகளில் மருந்தாளர் வழியாக வழங்கப்பட்டன. கொவிட்டுக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கேட்டு வந்தவர்களிடம் வாதாட வேண்டியிருந்தது. ஓமிக்ரான் அலையில், 2022 பிப்ரவரி 22 அன்று ஒரே நாளில் 26,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. அந்த நேரத்தில் வந்த பேக்ஸ்லோவிட் என்ற கொவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டினோடு அது சேரவே கூடாது. முதியவர் ஒருவர் சாப்பிடும் பத்து மருந்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கையில் கொடுக்க முடியும். வெளியே வரிசை நின்றுகொண்டிருக்கும்.

மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் வந்து போய்க்கொண்டிருந்த சக ஊழியர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2020 மார்ச் 18 முதல் மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்ததும் அவர்கள் இந்தப் பக்கம் தங்கிவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை, இந்தப் பக்கம் வாடகை அறை. அந்த ஆண்டு தீபாவளியன்று என் தோழி ஒருத்தி ஓய்வறையில் கைப்பேசித் திரையில் மகள் மத்தாப்பு கொளுத்துவதைப் பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு முகப்புக்கு வந்து நின்றாள். அடுத்த ஆண்டு அவள் வேலையை விட்டாள்.

அவள் மட்டுமல்ல. 2021 நவம்பர் 1 அன்று சுகாதார மூத்த துணை அமைச்சர் டாக்டர் ஜனில் புதுச்சேரி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது: அந்த ஆண்டின் முதல் பாதியில் மட்டும் சுமார் 1,500 சுகாதார ஊழியர்கள் பதவி விலகினார்கள். கிருமிப்பரவலுக்கு முன் ஆண்டு முழுவதற்குமே சுமார் 2,000 பேர்தான். சுகாதார ஊழியர்களில் 90 விழுக்காட்டுக்கும் அதிகமானோரால் சேர்ந்திருந்த விடுப்பை எடுக்க முடியவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்கு மூன்று அறிகுறிகள் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்ற எண்ணம். முதலாவது தூங்கினால் கொஞ்சம் தீரும். நான் அஞ்சுவது இரண்டாவதை. நோயாளியிடம் அக்கறையாக இருந்தவர், சீட்டில் உள்ளதை மட்டும் ஒப்பித்துவிட்டு அடுத்த எண்ணை அழைக்கிறார். அந்த அக்கறையில்தான் பல தவறுகள் பிடிபடுகின்றன. எங்கள் இளைய மருந்தாளர் ஒருத்தி, 0.5 மில்லிகிராமை 5 என்று கொடுத்துவிட்டேனோ என்று நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் சரியாகத்தான் கொடுத்திருப்பாள். அவளுக்கு நிர்வாகம் கொடுத்தது ஒரு மதிய நேர யோகா வகுப்பு. அந்த வகுப்புக்குப் போகவே முகப்பில் ஆள் இல்லை.

நான் கேட்பது பெரிதல்ல. சாப்பாட்டு நேரத்தில் மருந்தாளர் முகப்பை விட்டுப் போகட்டும். கடைத்தொகுதிகளில் உள்ள மருந்துக் கடைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு மருந்தாளர்தான் இருப்பார். அவர் இல்லாதபோது மருந்தாளர் மட்டுமே கொடுக்கக்கூடிய மருந்துகளை விற்க முடியாது. அதனால் வாடிக்கையாளர் கோபப்படுவார் என்று பயந்து பின்னறையில் நின்றபடியே இரண்டு வாய் சோற்றை விழுங்குகிறார். அரை மணி நேரம் அந்த முகப்பை மூடினால் யாரும் கெட்டுப்போக மாட்டோம். வாசகர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காத்திருக்கும் நேரம் நீண்டால், உங்கள் மருந்தை யாரோ இரண்டாம் முறை சரிபார்க்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

தொற்றுநோய்களைக் கவனிக்கவென்றே 2025 ஏப்ரலில் ஒரு தனி அமைப்பு தொடங்கப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சி. முகக்கவசம், தடுப்பூசி, படுக்கை எத்தனை வேண்டும் என்று திட்டமிடும்போது, மருந்தைச் சரிபார்க்க எத்தனை பேர் வேண்டும், அவர்களுக்கு மாற்றாள் எங்கிருந்து வருவார், விடுப்பு எப்போது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். வீட்டுக்கு மருந்து அனுப்புவது, தொலைபேசியில் விளக்குவது இரண்டையும் தனிப் பணியாக எண்ணி அதற்கென ஆள் ஒதுக்க வேண்டும். தொழிலை விட்டுப் போனவர்களில் பலர் பகுதி நேரமாகத் திரும்பத் தயாராக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் தடையாக நிற்கின்றன. ஒரு குறுகிய மறுபயிற்சியும் கட்டணச் சலுகையும் கொடுத்து அவர்களை இப்போதே அழைக்கும்படி சுகாதார அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்தாளர் ஒருவர்,
ஈசூன்